கழுத்தின் நிறம்

இது நடந்தது. பேய்க்கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் போவது என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதில் எல்லாமே காலை வெளிச்சத்தில் நடக்கிறது. தோல் நிறம் கலக்க வேறு வெளிச்சம் உதவாது. விளக்கொளியில் கலந்த முகம் விடிந்து பார்த்தால் காமாலை கண்டதுபோல் இருக்கும்.

நடந்தது ஓர் ஓவியருக்கு. அவரே சொன்னது. அப்போது அவர் குடித்திருக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு ஒரு டீ கேட்டார்.

தொழிலில் அவருக்குத் தோல்காரர் என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள் செருப்புக்கடை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். இறந்தவர்களின் போட்டோவைப் பார்த்து எண்ணெய்ச் சாயத்தில் படம் வரைகிறவர். கண்ணும் மூக்கும் யார் வேண்டுமானாலும் வரையலாம். அவர் வரைந்த கன்னத்தைக் கிள்ளினால் சிவக்கும் என்று பேச்சு.

அவருக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. போட்டோவில் இருக்கும் நிறத்தை நம்பமாட்டார். இறந்தவரின் ரத்த உறவு ஒருவரை வரச்சொல்லி, மணிக்கட்டின் உட்புறத்தில் கலவையால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு கண்ணுக்குத் தெரிந்தால் கலவை தப்பு. தோலுக்குள் போய் மறைந்துகொண்டால் சரி.

இன்னொரு வழக்கம், எப்படி இறந்தார் என்று கேட்கமாட்டார். கேட்டால் அது கைக்கு வந்துவிடும், கையிலிருந்து சாயத்துக்குப் போய்விடும் என்பார்.

இந்த இரண்டாவதை ஒரே ஒரு தடவை மீறியிருந்தால் போதும். கதையே இல்லை.

அந்தப் பெண் தன் அக்கா கணவனோடு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது அவனுக்குத்தான். கையில் இறந்த மனைவியின் போட்டோ. கல்யாணமான புதிதில் எடுத்தது. நிமிர்ந்த தலை, நீளமான கழுத்து.

"கொஞ்சம் கலராப் போடுங்க சார். போட்டோல சரியா விழல" என்றான்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு மாமா" என்றாள் அவள். "அக்கா என் நிறம். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

அவன் சிரித்தான். "இவதான் இனிமே நம்ம வீட்டு எஜமானி. குழந்தைக்கு ரெண்டு வயசு. வெளியாள் வந்தா நல்லா இருக்காதுன்னு பெரியவங்க எல்லாம் பேசி முடிச்சிட்டாங்க. ஆனா மேடம் ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. அக்கா படம் ஹால்ல மாட்டணுமாம். மாட்டின அப்புறம்தான் உள்ள கால் வைப்பாங்களாம்."

"படம் முடிஞ்ச அன்னிக்கு வரேன்னு சொன்னேன்" என்றாள் அவள். "அதுக்கு முன்னாடி வர மாட்டேன்."

கீழே இருந்து டீ வந்தது. அவன் வலது கையால் டம்ளரை எடுத்தான். சுண்டுவிரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. ஓவியர் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள்.

"மாமா டீ குடிக்கிற அழகைப் பாத்தீங்களா? ராஜா மாதிரி. அந்த விரல் மடங்காது. சின்ன வயசுல கதவுல நசுங்கினது."

"ராஜாவைக் கட்டிக்கக் கசக்குதாக்கும்" என்றான் அவன்.

 அவள் டீயைத் தொடவில்லை.

மறுநாள் காலை அவள் மட்டும் வந்தாள். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையை மேசைமேல் வைத்தாள். ஓவியர் பலகையில் காவியை எடுத்தார். ஆக்கர் மஞ்சள். கத்தி நுனியில் கொஞ்சம் நீலம். வெள்ளையைக் கடைசியில்தான் தொடுவார். வெள்ளை கூடினால் தோல் சாம்பல் பூத்துப் பிணமாகிவிடும். கறுப்பு டியூப் அந்த அறையிலேயே கிடையாது.

முதல் பொட்டு வெளிறி நின்றது.

"இது நோயாளி" என்றாள் அவள்.

அடுத்தது சிவந்து நின்றது.

"இது குடிகாரன்."

கொஞ்சம் நீலம். இன்னும் கொஞ்சம் காவி. மறுபடி வைத்தார். வைத்த இடம் தெரியவில்லை.

"எங்க போச்சு?" அவள் விரலால் தொட்டாள். விரலில் சாயம் ஒட்டியது. கையில் ஒன்றும் இல்லை. "தோலே முழுங்கிடுச்சு சார்."

அந்தக் கலவையை அவர் ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார். அப்படி வைத்தால் சீக்கிரம் காயாது.

கிளம்பும்போது அவள் படியில் நின்றாள். "அவசரம் இல்ல சார். மெதுவாவே போடுங்க."

முகம் மளமளவென்று வந்தது. அவர் முதலில் மங்கலான பச்சையில் ஒரு அடிப்பூச்சு கொடுப்பார். மேலே சூடான நிறங்கள் ஏறும்போது அந்தப் பச்சை உள்ளே ரத்தக்குழாய்போல் நின்று தோலுக்கு உயிர் கொடுக்கும். நெற்றி, கன்னம், தாடை, கழுத்து எல்லாம் முடிந்தது. பார்த்தபோது அவருக்கே திருப்தி. அவருக்கு அது அடிக்கடி வருவதில்லை.

மறுநாள் காலை கழுத்தில் ஒரு மஞ்சள் கறை இருந்தது.

லேசான கறைதான். ஆக்கர் அதிகமாகிவிட்டது என்று நினைத்தார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் ராத்திரி வேலை முடித்து, வீட்டுக்குப் போகும் வழியில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ஏறி வந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"யாரு அடிச்சாங்க இவளை?"

"என்ன?"

"கழுத்துல. ஆறிப்போன காயம் மாதிரி இருக்கு. அடி பட்டா முதல்ல சிவக்கும். அப்புறம் ஊதா, அப்புறம் பச்சை. மறையறப்பதான் மஞ்சளாகும். தினம் பாக்கிறேனே."

"உனக்கு எதைப் பாத்தாலும் வார்டுதான்."

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் சாயம்தான்" என்று டப்பாவை வைத்துவிட்டுப் போனாள்.

மஞ்சளைக் கொல்ல ஊதா வேண்டும். பாட்டில் கலவையில் கொஞ்சம் எடுத்து, துளி ஊதா சேர்த்துக் கறையை மூடினார். மறைந்தது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் பச்சை.

அடிப்பூச்சு மேலே வருகிறது என்றுதான் நினைத்தார். பழைய படங்களில் அப்படி வரும். ஆனால் அதற்கு ஐம்பது வருஷம் ஆகும். கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டினார். படத்தில் மற்ற இடமெல்லாம் சாயம் காய்ந்திருந்தது. கழுத்தில் மட்டும் காயவில்லை.

சுரண்டச் சுரண்ட வடிவம் தெரிந்தது.

கழுத்தின் ஒரு பக்கம் நான்கு பட்டைகள். மூன்று சேர்ந்து இருந்தன. நான்காவது விலகி, தனியே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. மறுபக்கம் தாடைக்குக் கீழே பெரிதாக ஒரு வட்டம். கட்டைவிரல் அளவு.

அவர் தன் வலது கையைக் காற்றில் நீட்டி, அந்தக் கழுத்தைப் பிடிப்பதுபோல் வைத்துப் பார்த்தார். அவருடைய சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்துகொண்டது. சேராத ஒரு விரல் நினைவுக்கு வந்தது. டீ டம்ளரும் நினைவுக்கு வந்தது.

கையைக் கீழே போட்டார்.

ரொம்ப நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போனவள் போய்விட்டாள். போனவளுக்காக வழக்குப் பேச நான் யார்? எனக்குக் கொடுத்த வேலை படம்.

பச்சைக்குச் சிவப்பு. கலந்தார். மூடினார்.

அன்று மத்தியானம் அவன் போன் செய்தான்.

"முடிஞ்சுதா சார்?"

"கழுத்துல கொஞ்சம் வேலை இருக்கு."

"கழுத்துல என்ன சார் அவ்வளவு வேலை? கம்ப்யூட்டர்காரன் அரை மணி நேரத்துல போட்டுத் தரேன்றான். பெரிய கை, தோல்காரர்னு சொன்னாங்களேன்னு உங்ககிட்ட வந்தேன். முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. வயசாச்சு, தப்பில்ல."

"வெள்ளிக்கிழமை எடுத்துக்கலாம்" என்றார் ஓவியர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆனாலும் திருப்பிக் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் கழுத்து நீலமும் ஊதாவுமாக இருந்தது.

பட்டைகளின் விளிம்பு தெளிவாகிவிட்டது. மனைவி வந்தாள். இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"காயம் ஆற ஆற மஞ்சளாகும்னு சொன்னேன்ல. இது தலைகீழாப் போகுது. புதுசாகிட்டே வருது."

"உளறாதே."

"நான் உளறல. அந்தப் பொண்ணுகிட்ட காட்டுங்க."

"காட்டி?"

"காட்டுங்க, அவ்வளவுதான். அப்புறம் அவ பாடு."

மனைவி இறங்கிப் போன சத்தம் அடங்கியது. உடனே இன்னொரு செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அந்தப் பெண்தான். வரச் சொல்லவில்லை. அவளாக வந்துவிட்டாள். ஓவியர் பக்கத்திலிருந்த துணியை எடுத்துப் படத்தின் மேல் போட்டார். துணி சின்னது. ஒரு ஓரம் வெளியே தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும்னு மாமா சொன்னாரு" என்றாள். உட்காரவில்லை. "நிஜமா முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்."

"அக்கா அந்த வீட்டைப் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல சார். நல்லா இருக்கியான்னு கேட்டா, இருக்கேன்னுவா. கடைசியில பேச்சே இல்லாமப் போயிட்டா. எனக்கு யாராவது ஏதாவது சொன்னா தேவலை. வேணாம்னு சொல்ல ஒரு காரணம் கிடைச்சா போதும். வெறும் பயத்தை வெச்சுக்கிட்டு எப்படி வேணாம்னு சொல்றது?"

அவர் தூரிகையைத் துடைத்தார். துடைத்த தூரிகையையே மறுபடி துடைத்தார்.

அவள் துணியின் ஓரத்தைப் பார்த்தாள். "கழுத்துல என்ன சார், கறுப்பா?"

"நிழல்."

"அக்கா கழுத்துல நிழல் விழாதே. எப்பவும் நிமிர்ந்துதான் நிப்பா."

"ஜன்னல் வெளிச்சம் அப்படி விழுது."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நிழல்தானே? வேற ஒண்ணும் இல்லையே?"

"நிழல்தாம்மா" என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். ஏதோ முடிந்துவிட்டதுபோல் இருந்தது அந்தத் தலையாட்டல். படியிறங்கும் சத்தம் மெதுவாகப் போனது.

வெள்ளிக்கிழமை விடிந்து, ஜன்னலில் நல்ல வெளிச்சம் வந்தபிறகு அவர் துணியை எடுத்தார்.

சிவப்பு.

பழைய சிவப்பு இல்லை. அப்போதுதான் கை எடுத்ததுபோல் இருந்தது. விரல் பட்ட இடங்களைச் சுற்றி வெளிறிப்போய், ஓரங்களில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் எந்தப் பலகையிலும் கலக்காத சிவப்பு.

கட்டைவிரல் வட்டத்தின் நுனியில் ஒரு கரும்புள்ளி. தூசி என்று நினைத்து நகத்தால் சுரண்டினார். போகவில்லை. உற்றுப் பார்த்தார். மச்சம்.

போட்டோவை எடுத்துப் பார்த்தார். போட்டோவில் மச்சம் இல்லை.

பாட்டிலைத் திறந்து தண்ணீரை வடித்தார். தூரிகையில் கலவையை எடுத்தார். கழுத்தில் வைத்தார்.

கேன்வாஸ் உள்ளே அமுங்கியது.

துணி அமுங்குவதுபோல் இல்லை. சதை அமுங்குவதுபோல் அமுங்கி… மெல்லத் திரும்பி வந்தது.

தூரிகை தரையில் விழுந்தது. விரலால் தொட்டார்.

சூடு.

கீழே தெருவில் யாரோ ஷட்டர் தூக்கினார்கள். அந்தச் சத்தம் நின்றபிறகு அறைக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. மிகவும் சின்னது. எச்சில் விழுங்க முயல்வதுபோல்…

விழுங்க முடியாமல்…

மறுபடி முயல்வதுபோல்…

வாசலில் கார் வந்து நின்றது. ஹாரன். அவன்தான்.

அவர் குனிந்து தூரிகையை எடுத்தார். கை நடுங்கவில்லை என்று பிறகு சொன்னார். அதுதான் அவருக்கு இன்றுவரை ஆச்சரியம். முப்பது வருஷப் பழக்கம், கை பாட்டுக்கு வேலை செய்தது. மச்சத்தின் மேல், வட்டத்தின் மேல், மூன்று பட்டைகளின் மேல், விலகி நின்ற நான்காவதின் மேல். அமுங்க அமுங்கப் பூசினார். சத்தம் கேட்கக் கேட்கப் பூசினார்.

சத்தம் நின்றது.

கழுத்து சுத்தமாக இருந்தது. பொட்டு மணிக்கட்டில் மறைந்ததுபோல் எல்லாம் தோலுக்குள் போய் மறைந்திருந்தது. தொட்டார். காய்ந்த கேன்வாஸ். குளிர்ந்திருந்தது.

அவன் மேலே வந்தான். படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தான்.

"அப்பா… உயிரோட நிக்கிறா சார்" என்றான். "கம்ப்யூட்டர்காரனால இது முடியுமா?"

ஓவியருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் அவர் மறைக்காமல்தான் சொன்னார்.

அவன் படத்தைத் தூக்கிக்கொண்டான். சட்டத்தைப் பிடித்த கையில் சுண்டுவிரல் மட்டும் ஒட்டாமல் நின்றது. அன்று சாயங்காலம் படம் ஹாலில் மாட்டப்பட்டது. அவள் தாலியோடு உள்ளே போனாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மனைவி காலையில் டப்பா இல்லாமல் ஏறி வந்தாள்.

"நீங்க பொட்டு வெச்ச பொண்ணு எங்க வார்டுலதான் இருக்கா. முதல்ல வேற ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்களாம். நேத்துதான் இங்க மாத்தினாங்க. போன அன்னிக்கு ராத்திரியே மாடிப்படியில விழுந்தாளாம். துப்பட்டா கைப்பிடியில மாட்டிக் கழுத்து இறுகிடுச்சாம். புருஷன் சொல்றான். அன்னிலேர்ந்து பேச்சில்ல."

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

ஜன்னலோரக் கட்டில். நல்ல வெளிச்சம். அவள் கண் திறந்திருந்தது. கழுத்தில் துணி இல்லை.

லேசான மஞ்சள். மறைகிற நேரம். மூன்று பட்டைகள் சேர்ந்து. ஒன்று விலகி.

தாடைக்குக் கீழே கட்டைவிரல் வட்டம். அதன் நுனியில் மச்சம். அவர் நகத்தால் சுரண்டிய மச்சம்.

ஆக்கர், எலுமிச்சை மஞ்சள், கத்தி நுனியில் பச்சை. அவருக்கே தெரியாமல் மனது கலவை போட்டது.

அவள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் குனிந்தார். உதடு மறுபடியும் அதே மாதிரி அசைந்தது. இரண்டாவது தடவைதான் புரிந்தது.

நிழல்.

வராந்தா பெஞ்சில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்க பெரிய பொண்ணு… எப்படிப் போனாங்க?"

"காய்ச்சல்" என்றாள் அம்மா. "எங்க வீட்டுக்கு வந்து ஒரு மாசம் படுத்திருந்தா. என் மடியிலதான் போனா. நான்தான் குளிப்பாட்டினேன். உடம்புல ஒரு கீறல் இல்லைங்க. கழுத்து கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"மச்சம்…"

"பெரியவளுக்கு மச்சமே கிடையாது. சின்னவளுக்குத்தான்."

அன்று சாயங்காலம் சின்னவளும் போனாள்.

ஒரு மாதம் கழித்து அவன் மாடியேறி வந்தான். மூச்சு வாங்கியது. கையில் ஒரு போட்டோ.

"இவளுக்கும் ஒண்ணு போடணும் சார். அதே சைஸ். பக்கத்துல மாட்டறதுக்கு. நிறம் உங்களுக்குத் தெரியுமே, ஆள் அனுப்ப வேணாம்ல?"

ஓவியர் போட்டோவை வாங்கிக்கொண்டார். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால், ஏதாவது வரும், வந்தால் இந்தத் தடவை போலீஸைக் கூட்டிவந்து காட்டலாம் என்று நினைத்தேன் என்றார். பாட்டிலில் அந்தக் கலவை மிச்சம் இருந்தது. அதையே போட்டார். தினமும் விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் போய்க் கழுத்தைப் பார்த்தார்.

மஞ்சள் வரவில்லை. பச்சை வரவில்லை. சாயம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் காய்ந்தது.

படம் சொன்ன நாளில் முடிந்தது.